சட்டைப் பையில் போட்ட நட்டு

மீனுக்கு ஐஸ் வைக்கிற தெர்மாகோல் பெட்டியில் கோழிக்குஞ்சு பொரிக்கவைத்தவன் நான். கடலூர் முதுநகரில் இதை முதலில் செய்தது யார் என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. துறைமுகத்தில் ஐஸ் உடைத்தேன். மிக்ஸி ரிப்பேர் கடையில் ஓரமாக உட்கார்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், பார்த்துப் பார்த்தே ஒயரிங் கற்றுக்கொண்டேன். முதல் பெட்டி எரிந்துபோனது. இரண்டாவது பெட்டியில் வைத்த அன்றைக்கே முட்டை பாதி வெந்துவிட்டது. என் மனைவி மைமூன் ஒன்றை உரித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம் வச்சா சால்னாவுல போட்டுறலாம்" என்றாள். மூன்றாவது பெட்டியில் ஏழு குஞ்சு. அதற்குப் பிறகு முந்நூற்றுப் பதினோரு பெட்டி செய்தேன். கடலூரிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரை என் பெட்டி போகாத ஊர் குறைவு. பெட்டி பாய் என்றால் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். கண் ஆபரேஷனுக்குப் பிறகுதான் வேலையை விட்டேன். அதற்குள் உங்களைப் போல எத்தனையோ பேர் வீட்டிலேயே முட்டை வைத்து, லைட் அடித்துப் பார்த்து, குஞ்சு எடுத்து விற்கிற அளவுக்கு வந்துவிட்டீர்கள். சும்மா வரவில்லை. நான் போட்ட பாதையில் வந்தீர்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஓர் அட்டை அச்சடிக்கப்போகிறோம், நீங்களும் நாலு வார்த்தை எழுதிக்கொடுங்கள் பாய் என்று கேட்டீர்கள். நாலு வார்த்தையில் முடியாது. அட்டையின் மாதிரியையும் அனுப்பியிருந்தீர்கள். அதில் ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது எந்த வரி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எத்தனை டிகிரி, எத்தனை முறை திருப்ப வேண்டும், எந்த நாளில் தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்க வேண்டும் என்பதெல்லாம் அட்டையிலேயே இருக்கிறது. நான் சொல்லப்போவது அட்டையில் இல்லாதது.

ஆரம்பத்தில் என் பெட்டி ஊர்ப்பக்கம் விற்கவில்லை. கொண்டுபோய்த் திறந்து காட்டுவேன். பல்பைப் பார்ப்பார்கள், விசிறியைப் பார்ப்பார்கள், எண் காட்டும் கன்ட்ரோலரைப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு அம்மா கேட்பார்: "எல்லாம் சரி பாய், இரும்பு எங்க?" அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடாமல் நம் பக்கத்தில் யாரும் கோழியை உட்காரவைக்க மாட்டார்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று பயம். இரும்பு இல்லாத பெட்டியில் முட்டை வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. கரியை வைத்தால் பெட்டி முழுக்கத் தூள் பறக்கும். அதனால் விசைப்படகு எஞ்சினிலிருந்து கழற்றிப் போட்ட பழைய நட்டுகளைத் துறைமுகத்தில் பொறுக்கிவந்து, பெட்டிக்கு ஒன்றாக உள்பக்கச் சுவரில் பசை போட்டு ஒட்டினேன். "இந்தாம்மா, கடல்ல இடியும் மின்னலும் பாத்த இரும்பு" என்பேன். அதற்குப் பிறகு பெட்டி பறந்தது. படித்தவன் எவனுக்கும் தோன்றாத யோசனை அது. எனக்குத் தோன்றியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் அது வேண்டும். ஒருமுறை காட்டுமன்னார்கோயில் பக்கம் அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள், என் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுல எரியுதே நம்பரு, அது என்னாண்ணே?"

"சூடு எவ்ளோன்னு காட்டும்மா."

"அதை யாரு பாக்குறது? முட்டையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம். நம்பர் இல்லாமல் நீ எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டேன். அவள் அடைக்கோழிக்கு அடியில் கையை விட்டு ஒரு வாத்து முட்டையை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு முட்டையை இமைமேல் வைத்தாள். "இமைக்குப் பொய் சொல்லத் தெரியாதுண்ணே" என்றாள். பிறகு ஒரு சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பொரிக்கிற நாள் நெருங்கிய முட்டைகள் இரண்டை அதில் மிதக்க விட்டாள். ஒன்று சும்மா கிடந்தது. மற்றது தண்ணீரில் லேசாக ஆடியது. உள்ளே இருப்பது காலை உதைக்கிறது என்றாள். ஓட்டில் விரிசல் இருந்தால் மட்டும் போடக் கூடாதாம், குஞ்சு தண்ணீர் குடித்துச் செத்துப்போகும். பெட்டி அவள் வாங்கவில்லை. நானும் அவள் பேரைக் கேட்கவில்லை. கிண்டல் செய்தவளிடம் பேர் எதற்கு என்று வந்துவிட்டேன்.

இனி தனலட்சுமியின் கதை.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற டவுன் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் தனலட்சுமியின் ஊர். பின்பக்கம் வாய்க்கால். வீட்டுக்காரர் குமார் கடலூரில் செம்மங்குப்பம் ரசாயனத் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் வேலை, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். தனலட்சுமி ஒரு சேவலும் இரண்டு பெட்டையுமாகத் தொடங்கி ஏழு வருடத்தில் ஒரு சிறுவிடை நாட்டுக்கோழிக் கூட்டத்தை உண்டாக்கி வைத்திருந்தார். வெளிக்கோழி எதையும் சேர்க்காமல் வளர்த்த இனம். அத்தனையும் செம்பழுப்பு, கழுத்தில் மட்டும் கறுப்பு. "வீடு அவுரு பேருல, நிலம் மாமனார் பேருல, கோழிதான் பாய் என் பேருல" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைந்துகொண்டது. விடியும்போது கோழிக்கூடு தண்ணீருக்குள் இருந்தது. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. சேவல்கூட இல்லை. மிச்சம் இருந்தது, விற்பதற்காகச் சமையலறை அரிசிப் பானைக்குள் சேர்த்து வைத்திருந்த முட்டைகள் மட்டும்.

போன் வந்தது. அழவில்லை. "பாய், இருபத்தெட்டு முட்டை இருக்கு. பெட்டி ஒண்ணு குடுங்க. இது போச்சுன்னா அவ்ளோதான்."

அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பத்து நாளைக்கு உட்பட்ட முட்டைகள்தான் எல்லாம். தேதியை ஓட்டின்மேல் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் நாள் நானே லைட் அடிக்கப் போனேன். பட்டப்பகல். வீட்டில் இருட்டறை கிடையாது. கட்டில்மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு நானும் தனலட்சுமியும் காலேஜ் படிக்கிற அவர் மகளும் உள்ளே புகுந்தோம். செல்போன் டார்ச்சில் பைப் துண்டு ஒன்றைச் செருகி, அதன் வாயில் முட்டையை வைத்தேன். சிறுவிடை முட்டைக்கு ஓடு கொஞ்சம் நிறமாக இருக்கும். எல்லாருக்கும் சட்டென்று தெரியாது. எனக்குத் தெரியும். நாலு முட்டை வெறுமையாகத் தெரிந்தது, கரு பிடிக்கவில்லை. மீதி இருபத்திநாலிலும் நரம்பு ஓடியிருந்தது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது.

"வெத்தல நரம்பு மாதிரியே கீறிக்கிட்டுப் போவுது பாய்" என்றார் தனலட்சுமி. அவர் மூச்சு முகத்தில் படுகிற அளவுக்கு நெருக்கம். போர்வைக்குள் மூன்று பேரும் வேர்த்து வழிந்தோம். அவர் மகள் மட்டும், "அம்மா, இது நம்ம பெரிய பெட்டையோடது" என்று ஒவ்வொரு முட்டையாகப் பார்த்து உறவு சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்திநாலிலும் எண் போட்டேன். "இனி கவலைய வுடுங்க. பெட்டி யாரோடது?" என்றேன். டீ குடித்துவிட்டு வந்தேன்.

பதினாலாம் நாள் மறுபடி லைட் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. ஏன் போகவில்லை என்றால், பெட்டி என்னுடையது, அதில் என்ன பார்க்க இருக்கிறது என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. பதினெட்டாம் நாள் தனலட்சுமியே பார்த்துவிட்டு, "முழுக்கக் கருப்பா இருக்கு பாய், ஒண்ணும் தெரியல" என்று போன் செய்தார். முழுக்கக் கருப்பு என்றால் குஞ்சு உள்ளே நிறைந்துவிட்டது, சந்தோஷப்படுங்கள் என்றேன். மேல்பக்கம் காற்று இடம் எவ்வளவு தெரிகிறது என்று கேட்டிருந்தால் அப்போதே விஷயம் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

பொரிக்க வேண்டிய இருபத்தொன்றாம் நாள் ஓட்டில் ஒரு கீறல் இல்லை. ஒரு சத்தம் இல்லை. இருபத்திரண்டாம் நாள் காலை மறுபடி போன். இந்த முறை பேசியது குமார்.

"பாய், ஞாயித்துக்கெழம ஒருநாள்தான் வீட்டுல இருக்கேன். நாறிப்போறதுக்குள்ள பொதச்சிட்டுப் போலாம்னு கொல்லையில குழி வெட்டிட்டேன். இவ வுடமாட்டேங்குறா. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

பஸ்ஸில் போகும்போது நான் முட்டையைப் பற்றி யோசிக்கவில்லை. பெட்டி பாய் பெட்டியில் பொரிக்கவில்லை என்று சிதம்பரம் முழுக்கப் பரவினால் என்ன ஆகும் என்றுதான் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன். அந்த மாதிரி யோசனையோடு எந்த வீட்டுக்குள்ளும் போகாதீர்கள். போனால் கண் தெரியாது.

போனதும் கன்ட்ரோலரைப் பார்த்தேன். எண் மிகச் சரியாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா, பெட்டியில குறையே இல்ல" என்றேன். அப்படிச் சொன்னதும் குறை வேறு எங்காவது இருந்தாக வேண்டுமல்லவா? "முட்டைதான்மா பழசு. அரிசிப் பானையில போட்டு வச்ச முட்டைக்கு இவ்ளோதான் உசுரு."

தனலட்சுமி என்னையே பார்த்தார்.

"ஏழாம் நாள் போர்வைக்குள்ள எனக்கு நரம்பு காட்டுனது யாரு பாய்? இருபத்திநாலுலயும் உசுரு இருக்குன்னு நம்பரு போட்டது யாரு? பழைய முட்டைன்னா அன்னிக்கே பழசுதான?"

நான் மறுபடி கன்ட்ரோலரைப் பார்த்தேன்.

குமார் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எதுக்குப் பேச்சு? ஒண்ண ஒடச்சிப் பாத்துருவோம். உள்ள செத்துருந்தா எல்லாம் செத்ததுதான்."

"ஒடச்சது உசுரோட இருந்துச்சின்னா?" என்றார் தனலட்சுமி.

"இருந்துச்சின்னா நான் திருவந்திபுரம் கோயிலுக்குப் போயி மொட்ட அடிச்சிக்கிறேன். போதுமா?" குமார் பெட்டியைத் திறந்து பதினொன்றாம் எண் முட்டையை எடுத்தார். மற்றொரு கையில் கரண்டி.

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஒன்றை உடைத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும். செத்திருந்தால் நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். நானும் நான்கு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அந்த நேரத்தில் தனலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். ஏழு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அவர் கையால் அறுத்ததில்லை என்பது எனக்குத் தெரியும். "இருங்க தம்பி, குடுங்க" என்று முட்டையை வாங்கினேன். வாங்கிவிட்டேனே தவிர, என்ன செய்வது என்று தெரியவில்லை. ஏதாவது செய்கிற மாதிரி இருக்க வேண்டும். கண்ணை மூடி இமைமேல் வைத்தேன்.

முட்டை குளிர்ந்திருந்தது.

சில்லென்று இல்லை. ஆனால் அடைக்கோழி வயிற்றுக்கு அடியிலிருந்து வருகிற முட்டை இமையில் பட்டால் பட்டதே தெரியாது, நம் தோலின் சூடும் அதன் சூடும் ஒன்றாக இருக்கும். இது அப்படி இல்லை. இன்னொன்றை எடுத்து வைத்தேன். அதுவும் அப்படித்தான். எண் சரியான சூட்டைக் காட்டுகிறது, இமை இல்லை என்கிறது. வாத்துக்காரப் பெண் சிரித்தது காதில் கேட்டது.

பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். சுவரில் நட்டு இல்லை. பசை இளகி, நட்டு நழுவி, சூட்டை அளக்கிற சென்சார் ஒயரின்மேல் விழுந்து, அதையும் இழுத்துக்கொண்டு பல்புக்குப் பக்கத்தில் போய்க் கிடந்தது. கறுப்பு இரும்பு. பல்பு எரிந்தால் முதலில் காய்வது அதுதான். சென்சார் அந்த நட்டின் சூட்டை அளந்து, போதும் போதும் என்று பல்பை அணைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. முட்டைகள் தேவையான சூடு கிடைக்காமல் நாள் கணக்காகக் கிடந்திருக்கின்றன. பிறகு விசாரித்ததில் தெரிந்தது: ஒன்பதாம் நாள் கூரை ஒழுகுகிறதென்று பெட்டியைக் கூடத்திலிருந்து உள்ளறைக்கு நகர்த்தியிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் விழுந்திருக்க வேண்டும். முட்டை பழசு இல்லை. பெட்டிதான் குறை. இடியிலிருந்து காப்பாற்ற நான் ஒட்டிய இரும்பு செய்த வேலை.

குமார் எனக்குப் பின்னால் நின்றார். தனலட்சுமி வாசற்படியில். நான் நட்டை எடுத்தேன். சுட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சென்சாரைப் பழைய இடத்தில் சரியாகக் கட்டினேன். நிமிர்ந்து, "அகலமான அன்னக்கூடை ஒண்ணு குடும்மா. வெதுவெதுன்னு தண்ணி" என்றேன்.

ஒவ்வொரு முட்டையையும் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டில் மயிரிழை விரிசல்கூட இல்லை. கையை விட்டுப் பார்த்து, சூடு ஏறாமல் தண்ணீர் கலந்து, மூன்று முட்டைகளை மிதக்க விட்டேன். யாரும் மூச்சு விடாதீர்கள், தண்ணீர் அசையக் கூடாது என்றேன்.

மூன்றும் அப்படியே நின்றன.

"நல்லா குளிக்குது" என்றார் குமார்.

"சும்மா இரு" என்றார் தனலட்சுமி.

நான் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெட்டிக்காக இல்லை. அந்த நட்டு மார்பில் சுட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. முதலில் பார்த்தது குமார்தான். "பாய், பதினொண்ணு" என்றார். குரலே மாறிவிட்டது.

பதினொன்றாம் முட்டை சிலிர்த்தது. தூண்டிலில் மீன் கடித்தால் தக்கை எப்படிக் குதிக்கும், அப்படி ஒரு குதி. சுற்றிலும் சின்ன வட்டம் பரவியது. நின்றது. மறுபடி ஒரு குதி.

தனலட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார், தண்ணீர் அசைந்துவிடக் கூடாதே என்று. அந்த மாதிரி ஒரு நிம்மதி என் மகன் துபாயிலிருந்து முதல் தடவை போன் செய்தபோதுகூட வரவில்லை.

கொஞ்சம் கழித்து தனலட்சுமி தலையை நிமிர்த்தி வீட்டுக்காரரைப் பார்த்தார். "திருவந்திபுரத்துக்கு எப்ப போற?"

"ஒடச்சாதான மொட்டைன்னேன். ஒடைக்கலயே."

"உசுரோட இருந்துச்சின்னா மொட்டைன்னுதான் சொன்ன. பாய் சாட்சி."

"நான் சாட்சி" என்றேன்.

இருபத்திநாலில் பத்தொன்பது ஆடின. ஐந்து ஆடவில்லை. அந்த ஐந்தைக் குழிக்குக் கொண்டுபோகக் குமார் கை நீட்டினார். துடைத்து எல்லாவற்றையும் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். உயிர் இருக்கிறது என்று சொல்லத்தான் அந்தச் சோதனை. இல்லை என்று சொல்ல அல்ல. தூங்குகிற குஞ்சும் ஆடாது. அதேபோல, தாமதமாகிவிட்டதே என்று சூட்டைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டவில்லை. போன நாள்களின் சூட்டை இன்றைக்குச் சேர்த்துக் கொடுக்க முடியாது. தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் பெரிதாக்கினேன். இனி யாரும் மூடியைத் திறக்கக் கூடாது என்று அதன்மேல் என் துண்டைப் போட்டுக் கட்டிவிட்டு, சிதம்பரத்தில் மைமூனின் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டேன்.

இருபத்திநாலாம் நாள் காலை முதல் கீறல். மதியத்துக்குள் பெட்டிக்குள் சந்தைக்கடைச் சத்தம். மறுநாள் எண்ணியபோது பதினெட்டு குஞ்சு. அதில் ஒன்று ஆடாத ஐந்திலிருந்து வந்தது. காய்ந்து பஞ்சானதும் பதினெட்டும் செம்பழுப்பு. கழுத்துக் கறுப்பு பிறகு வளர்ந்தபோது வந்தது. பொரிக்காத ஆறு முட்டையையும் குமார் வெட்டிய குழியில் போட்டு, மேலே வாழைக்கன்று வைத்தார்கள். குழி வீணாகவில்லை. அடுத்த வாரம் குமார் மொட்டைத் தலையோடு வேலைக்குப் போக, வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று தொழிற்சாலையில் எல்லாரும் துக்கம் விசாரித்தார்களாம். "யாரும் போவல, வந்துருக்காங்க" என்றாராம்.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். நானே குழுவில் குரல் பதிவாகப் போட்டிருக்கிறேன். தட்டச்சு எனக்கு வராது, பேச வரும். ஆனால் அந்தப் பதிவில் நட்டு இல்லை. அதில் சொன்னது இது: "பெட்டியில குறையே இல்ல. அரிசிப் பானையில போட்ட பழைய முட்டை. அதையே பொரிக்க வச்சேன்." நூறு பேர் கைதட்டல் படம் போட்டீர்கள். பிறகு சர்வீஸ் என்ற பெயரில் வீடு வீடாகப் போய், ஒட்டிய நட்டை எல்லாம் சென்சாரிலிருந்து தள்ளி, செம்புக் கம்பியால் கட்டினேன். மூன்று பெட்டியில் பசை இளகியிருந்தது, விழுவதற்கு முன் பிடித்துவிட்டேன். எதற்குக் கட்டுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "சில பேரு இரும்ப சென்சார்மேல வச்சுடுறாங்க" என்றேன்.

போன மாதம் தனலட்சுமி வீட்டுக்குப் போனேன். கொல்லை முழுக்கக் கோழி. அடைக்கு முட்டை விற்கலாம் என்று குழுவில் போட்டாராம். ஒருவரும் வாங்கவில்லையாம். "பானை முட்டையா?" என்று ஒருத்தி கேட்டாளாம். சட்டைப் பையில் கையை விட்டு அந்த நட்டை எடுத்துத் தரையில் வைத்தேன். அன்றிலிருந்து அது என்னோடுதான் இருக்கிறது. சொல்லத் தொடங்கினேன்.

தனலட்சுமி பாதியிலேயே நிறுத்தினார். "தெரியும் பாய். அன்னிக்கு நீங்க பாக்கெட்டுல போட்டப்பவே பாத்தேன்."

"பாத்தியா? ஏன்மா ஒண்ணும் கேக்கல?"

"முட்ட ஆடுறதப் பாக்கறதா, ஒங்க பாக்கெட்டப் பாக்கறதா? குஞ்சு வந்துருச்சு, வுட்டுட்டேன். ஆனா ஒண்ணு பாய். பெட்டிக்குக் கொறன்னு நான் எங்கயும் சொல்லல. என் முட்டைக்குக் கொறன்னு நீங்க ஊரு முழுக்கச் சொல்லிட்டீங்களே."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆனால், பிள்ளைகளே, எழுந்து வரும்போது உடம்பு லேசாக இருந்தது. இத்தனை நாள் பையில் கனத்த இரும்பை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். இப்போது அது அவருடைய அடைக்கூடையில் கிடக்கிறது. பெட்டிக்குள் வைக்கமாட்டாராம்.

இனி அந்த அட்டைக்கு வருகிறேன். எண்ணை மட்டும் நம்பாமல் முட்டையை இமையில் வைத்துப் பாருங்கள் என்று போட்டிருக்கிறீர்கள், சரி. நாள் தாண்டினால் உடைக்காமல், விரிசல் இல்லாததை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுப் பாருங்கள் என்று போட்டிருக்கிறீர்கள், சரி. இரண்டையும் இந்தக் குழுவுக்குக் கொண்டுவந்தவன் நான். வாத்து மேய்த்த ஒரு பெண்ணிடம் பெட்டி பாய் கற்றுக்கொண்டது என்று அங்கே போட வேண்டும். அவள் பேர் தெரியாததற்கு நான் பொறுப்பு.

எனக்குச் சோறு இறங்காத வரி அதற்குக் கீழே இருக்கிறது. "சிலர் இரும்புத் துண்டை சென்சாருக்கு அருகில் வைத்துவிடுகிறார்கள், முட்டை பழையது என்று நினைத்துவிடுகிறார்கள்." சிலர் என்று யாரும் கிடையாது. நம் மாவட்டத்தில் அந்தத் தப்பைச் செய்தவன் ஒரே ஆள். அதைக் கண்டுபிடித்தவனும் அதே ஆள். முந்நூற்றுப் பதினோரு பெட்டி செய்த எனக்கு, என் தப்பை இன்னொருவன் பேரில் எழுதுவது பிடிக்கவில்லை. 'சிலர்' என்பதை அடித்துவிட்டு, கடலூர் முதுநகர் பெட்டி பாய் ஜமால் என்று முழுப் பேரையும் போடுங்கள். பக்கத்திலேயே, அந்த முட்டைகள் தனலட்சுமியுடையவை, அவற்றில் ஒரு குறையும் இல்லை என்று அதே அளவு எழுத்தில் போடுங்கள். என் எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பேரில் மட்டும் கை வைக்காதீர்கள்.